ஒளிச்சேர்க்கையைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஃபோட்டான் முதல் சர்க்கரை வரை ஒரு வரவு செலவு வழிகாட்டி

ஒளிச்சேர்க்கை எல்லாருக்கும் தெரிந்த பாடம்போலத்தான் தோன்றும். செடி சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் ஒளி சரியாக எந்த இடத்தில் வேதி ஆற்றலாக மாறுகிறது என்று யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால், பாதிப் பேர் "பச்சையம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் பத்துப் பெயர்களை வரிசையாக ஒப்பித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

நானும் அந்தப் பெயர்ப் பட்டியலோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன்தான். ஒரு புத்தகத்தில் இருக்கும் எண் இன்னொன்றில் இருக்காது. படத்தில் இருக்கும் அம்புக்குறிக்கு உரையில் விளக்கம் இருக்காது. கடைசியில் ஒரே ஒரு வழிதான் பிடிபட்டது: பெயர்களை மனப்பாடம் செய்வதைத் தள்ளிப்போட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஆற்றல் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்கு எழுதுவது. கணக்கு நேரானால் பெயர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். நீங்கள் அந்தச் சிரமப்படாமல் நேராக அங்கே போகலாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு தாள்கள் போதும். முதல் தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: இடம், வரவு, செலவு, நேரம். ஒளிச்சேர்க்கையில் நடக்கும் எதுவும் இந்த நான்கு பத்திக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது தாள், செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பான பசுங்கணிகத்தின் படத்துக்கு. மூன்றாவது எலக்ட்ரான் போகும் பாதைக்கு. நான்காவது, கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகும் கால்வின் சுழற்சிக்கு. படங்களைப் புத்தகத்திலிருந்து நகலெடுக்காதீர்கள், கையால் வரையுங்கள். அச்சுப் படத்தில் கண் தாவிவிடும் இடங்களில்தான் கை தடுமாறி நிற்கும், அங்கேதான் உங்களுக்குப் புரியாதது இருக்கிறது.

இவற்றோடு, ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தங்கள் கொண்ட ஒரு சிறிய அட்டவணை கிடைத்தால் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு எண்களே உங்களுக்குத் தேவைப்படும்: நீர் ஆக்சிஜனாகும் இடம் (+0.82 வோல்ட்), என்ஏடிபி என்னும் எலக்ட்ரான் ஏற்பி, எலக்ட்ரான்களை வாங்கிச் சுமக்கும் என்ஏடிபிஎச் ஆகும் இடம் (-0.32 வோல்ட்). செடியின் முழுப் பாடும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான்.

2. சமன்பாட்டைத் திருத்தி எழுதுங்கள்

பெரும்பாலோர் கற்ற சமன்பாட்டில் 6 கார்பன் டை ஆக்சைடும் 6 நீரும் சேர்ந்து ஒரு குளுக்கோசும் 6 ஆக்சிஜனும் தரும். அணுக்களின் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு எழுத அது உதவாது. வெளிவரும் ஆக்சிஜன் முழுவதும் நீரிலிருந்து வருவது. ஆக்சிஜன்-18 என்னும் கனமான ஐசோடோப்பைக் கொண்டு 1941-இல் ரூபனும் கேமனும் அவர்களது குழுவினரும் இதைக் காட்டினார்கள். 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளில் 12 ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. 6 நீரில் 6 அணுக்கள்தானே இருக்கின்றன?

ஆகவே முதல் தாளின் தலைப்பில் இப்படி எழுதுங்கள்:

6 கார்பன் டை ஆக்சைடு + 12 நீர் → 1 குளுக்கோஸ் + 6 ஆக்சிஜன் + 6 நீர்

இரு பக்கமும் நீர் இருப்பதைப் பார்த்து அடித்துவிடக் கை துறுதுறுக்கும். அடிக்காதீர்கள். இடப்பக்க நீர் பிளக்கப்படுவது. வலப்பக்க நீர் புதிதாக உருவாவது. இரண்டும் வேறு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பசுங்கணிகத்திலிருந்து நேரடியாகக் குளுக்கோஸ் வெளிவருவதில்லை. மூன்று கார்பன் கொண்ட ஒரு சர்க்கரை பாஸ்பேட்தான் வெளியே வருகிறது. அது சைட்டோபிளாசத்தில் சுக்ரோஸ் ஆகிறது, அல்லது பசுங்கணிகத்துக்குள்ளேயே தங்கி ஸ்டார்ச் ஆகிறது. குளுக்கோஸ் என்று எழுதுவது கணக்குப் போடும் வசதிக்காக.

3. இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். பசுங்கணிகத்துக்கு வெளியே இரண்டு உறைகள். உள்ளே ஸ்ட்ரோமா என்னும் கூழ்மத் திரவம். அதில் மிதக்கும் தட்டையான பைகள் தைலகாய்டுகள். அடுக்கடுக்காக இருந்தால் அவை கிரானா. தைலகாய்டுப் பையின் உட்புறத்துக்கு லூமன் என்று பெயர்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: ஒளி பிடிப்பதும் எலக்ட்ரான் நகர்வதும் தைலகாய்டுச் சவ்வில், சர்க்கரை உருவாவது ஸ்ட்ரோமாவில். சவ்வு மூடிய பையாக இருப்பது ஏன் என்பது 6-ஆம் படியில் தெரியும். ஓட்டை விழுந்த பை எதற்கும் உதவாது.

4. வரவுப் பத்தியை நிரப்புங்கள்: ஒளி

செடி பயன்படுத்தும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் இது கிட்டத்தட்டப் பாதி. மீதிப் பாதியின் பெரும்பகுதி அகச்சிவப்பு. அது செடியின் கணக்கில் வரவே வராது.

ஒளியைச் சில்லறையாக, அதாவது ஃபோட்டான் என்னும் ஒளித் துகள்களாக, எண்ணப் பழகுங்கள். 680 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் ஒரு மோல் ஃபோட்டான்களின் ஆற்றல் சுமார் 176 கிலோஜூல். 450 நானோமீட்டர் நீல ஒளியில் சுமார் 266 கிலோஜூல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீல ஃபோட்டானில் ஆற்றல் அதிகம், அதனால் சர்க்கரையும் அதிகம் கிடைக்கும் என்று மனம் கணக்குப் போடும். கிடைக்காது. நீல ஒளியால் மிக உயரத்துக்குத் தூக்கப்பட்ட பச்சைய மூலக்கூறு, கண்மூடித் திறப்பதற்கு முன்பே, ஒரு பிகோவிநாடிக்குள் (விநாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு), கூடுதல் ஆற்றலை வெப்பமாக உதறிவிட்டுச் சிவப்பு ஒளி தூக்கும் அதே நிலைக்கு இறங்கிவிடுகிறது. அதன் பிறகு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். செடி ஃபோட்டான்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறது, விலையைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது பொறி: இலை பச்சையாகத் தெரிவதால் பச்சை ஒளி முழுவதும் திருப்பி அனுப்பப்படுகிறது என்ற எண்ணம். கரைசலில் உள்ள பச்சையம் பச்சை ஒளியைக் குறைவாக ஈர்ப்பது உண்மை. ஆனால் இலைக்குள் ஒளி செல்லுக்குச் செல் சிதறி அலைவதால், பச்சை ஒளியிலும் பெரும்பகுதி கடைசியில் ஈர்க்கப்பட்டுவிடுகிறது. மற்ற நிறங்களைவிடச் சற்று அதிகமாகத் தப்பித்து வருவதே நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது.

முழு வெயிலில்கூட ஒரு தனிப் பச்சைய மூலக்கூறுக்கு விநாடிக்குச் சில ஃபோட்டான்கள்தான் கிடைக்கும். விநாடிக்குச் சில தடவை மட்டும் வேலை செய்வதற்காக ஒரு சிக்கலான இயந்திரத்தை வைத்துக் காப்பது கட்டுப்படியாகாது. அதனால் சில நூறு நிறமி மூலக்கூறுகள் ஒன்று சேர்ந்து ஒரு வினைமையத்துக்கு ஒளியைத் திரட்டித் தருகின்றன. ஒரு நிறமியிலிருந்து அடுத்த நிறமிக்கு இங்கே போவது கிளர்ச்சி ஆற்றல் மட்டுமே, எலக்ட்ரான் போவதில்லை. படத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி அம்புக்குறி போட்டிருப்பார்கள். உங்கள் தாளில் இரண்டு நிற மை பயன்படுத்துங்கள்.

5. எலக்ட்ரானின் பாதை: அவசரப்படக் கூடாத படி

முழுப் பாடத்துக்கும் ஒதுக்கிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இந்தப் படிக்குக் கொடுங்கள். ஒளி ஆற்றல் வேதி ஆற்றலாவது இங்கேதான்.

வினைமையத்தை எட்டிய கிளர்ச்சி, அங்கே உள்ள சிறப்புப் பச்சையத்திலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பக்கத்து மூலக்கூறுக்குத் தள்ளிவிடுகிறது. சில பிகோவிநாடிகளில் இது முடிந்துவிடும். ஒரு பக்கம் எலக்ட்ரானை இழந்த நேர்மின் மூலக்கூறு, மறுபக்கம் எலக்ட்ரானைப் பெற்ற எதிர்மின் மூலக்கூறு. ஒளி என்று ஒன்று இனி இல்லை; இந்தப் பிரிவினையே அதன் ஆற்றலைத் தாங்கி நிற்கிறது. குறுக்குக் கேள்விக்கு விடை இந்த ஒரு கணம்தான்.

பிரிந்தவை மறுபடி சேர்ந்துவிட்டால் எல்லாம் வெப்பமாகப் போய்விடும். எனவே எலக்ட்ரானை எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தூரமாகக் கொண்டுபோக வேண்டும். பாதை இப்படிப் போகிறது:

நீர் → மாங்கனீசுத் தொகுதி → ஒளி அமைப்பு 2 (பி680) → பிளாஸ்டோகுவினோன் → சைட்டோகுரோம் பி6-எஃப் → பிளாஸ்டோசயனின் → ஒளி அமைப்பு 1 (பி700) → ஃபெரிடாக்சின் → என்ஏடிபிஎச்

ஒளி அமைப்பு 2 முன்னாலும் 1 பின்னாலும் வருவது புதியவர்களைக் குழப்பும். எண்கள் கண்டறியப்பட்ட வரிசையைக் குறிக்கின்றன, வேலை செய்யும் வரிசையை அல்ல. இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நீரைப் பிளக்கும் இடத்தைக் கவனியுங்கள். நான்கு மாங்கனீசு அணுக்கள், ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் கொண்ட ஒரு சிறு தொகுதி அங்கே இருக்கிறது. எலக்ட்ரானை இழந்த பி680 (ஒளி அமைப்பு 2-இன் சிறப்புப் பச்சையம்), தன் இழப்பை ஈடுகட்ட இந்தத் தொகுதியிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. ஒரு ஃபோட்டானுக்கு ஒரு எலக்ட்ரான். நான்கு எலக்ட்ரான்கள் போன பிறகே இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்கிறது. "ஒளி நீரைப் பிளக்கிறது" என்று பல இடங்களில் எழுதியிருக்கும். ஒளி நீரைத் தொடுவதே இல்லை. ஒளி பி680-ஐ எலக்ட்ரான் பசியில் விடுகிறது. அந்தப் பசி நீரைப் பிளக்கிறது. உயிரிகளில் அறியப்பட்ட ஆக்சிஜனேற்றிகளில் எலக்ட்ரானை இழந்த பி680 அளவுக்கு வலுவானது வேறில்லை.

இப்போது கணக்கு. ஒரு எலக்ட்ரானை நீரிலிருந்து (+0.82) என்ஏடிபிஎச் வரை (-0.32) உயர்த்த 1.14 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஒரு சிவப்பு ஃபோட்டானில் ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. ஒன்றே போதுமே, ஏன் இரண்டு அமைப்புகள் இரண்டு ஃபோட்டான்களைச் செலவிடுகின்றன?

இந்தக் கேள்வி உங்களுக்கு எழவில்லை என்றால் இந்தப் படியை மறுபடி படியுங்கள். விடை: ஒவ்வொரு தாவலிலும் எலக்ட்ரான் கொஞ்சம் ஆற்றலை இழந்து கீழே இறங்குகிறது. அந்த இழப்பே அது திரும்பி வராமல் தடுக்கிறது. இழப்பில்லாத பாதையில் எலக்ட்ரான் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். நிகரமாக எதுவும் நகராது. இரண்டு ஃபோட்டான்களின் சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் என்ஏடிபிஎச்சில் தங்குகிறது. இன்னும் கொஞ்சம் அடுத்த படியில் சேமிக்கப்படும். மீதி, ஒருவழிப் போக்குக்குக் கொடுத்த விலை. இதை வீணடிப்பு என்று எழுதும் புத்தகங்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 1 ஆக்சிஜனுக்கு 4 எலக்ட்ரான், 8 ஃபோட்டான், 2 என்ஏடிபிஎச். எட்டு என்பது குறைந்தபட்சம்; நல்ல நிலையில் உள்ள இலையிலும் ஒன்பது பத்து ஆகும்.

6. புரோட்டான் கணக்கும் ஏடிபி பற்றாக்குறையும்

எலக்ட்ரான் நகரும்போது கூடவே லூமனுக்குள் புரோட்டான்கள் சேர்கின்றன. ஒரு ஆக்சிஜனுக்கு, நீர் பிளவதால் 4, பிளாஸ்டோகுவினோனும் சைட்டோகுரோமும் கடத்துவதால் 8, ஆக மொத்தம் 12. ஒளியில் லூமனின் பிஎச் மதிப்பு 6-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்க, ஸ்ட்ரோமாவில் அது 8-ஐ ஒட்டி ஏறுகிறது. இரண்டு அலகு வேறுபாடு என்றால் புரோட்டான் செறிவில் நூறு மடங்கு. பை மூடியிருக்க வேண்டிய காரணம் இதுதான்.

தேங்கிய புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்னும் நொதியின் வழியே வெளியேறும்போது அதன் ஒரு பகுதி சுழல்கிறது; அந்தச் சுழற்சியில், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி உருவாகிறது. ஏடிபி உருவாக ஒளி நேரடியாகத் தேவையே இல்லை. தைலகாய்டுகளை முதலில் அமிலக் கரைசலில் ஊறவைத்து, பிறகு காரக் கரைசலுக்கு மாற்றினால் முழு இருட்டிலும் ஏடிபி உண்டாவதை 1966-இல் ஜாகென்டார்ஃப் காட்டினார். சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறும் இடத்துக்கு வந்துவிட்டோம். பழைய நூல்களில் 4 புரோட்டானுக்கு ஒரு ஏடிபி என்று இருக்கும். 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3 ஏடிபி, கச்சிதமாக. ஆனால் பசுங்கணிகத்தின் சிந்தேஸ் நொதியில் சுழலும் வளையம் 14 துணை அலகுகள் கொண்டது. ஒரு முழுச் சுற்றுக்கு 14 புரோட்டான்கள், கிடைப்பது 3 ஏடிபி. அதாவது ஒரு ஏடிபிக்கு 4.67 புரோட்டான். 12-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது 2.57.

அடுத்த படிக்கு 2 என்ஏடிபிஎச்சோடு 3 ஏடிபி தேவை. கையில் 2.57. பற்றாக்குறை!

செடி இதை எப்படிச் சமாளிக்கிறது? ஒளி அமைப்பு 1-இலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதியை என்ஏடிபிஎச்சுக்கு அனுப்பாமல், பிளாஸ்டோகுவினோனுக்கே திருப்பிவிடுகிறது. சுழற்சி முறை எலக்ட்ரான் ஓட்டம் என்பது இதுதான். இதில் ஆக்சிஜன் வராது, என்ஏடிபிஎச்சும் வராது. புரோட்டான் மட்டும் கடத்தப்படும், ஏடிபி கூடும். பாடநூலில் ஒரு மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறியாகக் கிடக்கும் இதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று புரியாமல் கடந்துவிடுவோம். கணக்கு எழுதினால்தான் அது இல்லாமல் பற்று வரவு நேராகாது என்று தெரியும்.

7. கால்வின் சுழற்சி: செலவுப் பத்தி

படத்தில் உள்ள எல்லா இடைப்பொருள்களையும் மனப்பாடம் செய்யாதீர்கள். கார்பன்களை மட்டும் எண்ணுங்கள். மூன்று சுற்றுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால் எண்கள் முழு எண்களாக வரும்.

முதலில் சேர்த்தல். ஐந்து கார்பன் கொண்ட ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் 3 மூலக்கூறுகள் (15 கார்பன்), 3 கார்பன் டை ஆக்சைடோடு (3 கார்பன்) சேர்கின்றன. கிடைப்பது மூன்று கார்பன் கொண்ட பாஸ்போகிளிசரிக் அமிலம், 6 மூலக்கூறுகள் (18 கார்பன்). இதைச் செய்யும் நொதி ரூபிஸ்கோ.

அடுத்து ஒடுக்கம். அந்த ஆறையும் முக்கார்பன் சர்க்கரை பாஸ்பேட்டாக மாற்ற 6 ஏடிபி, 6 என்ஏடிபிஎச். சேமித்த ஆற்றலின் பெரும்பகுதி செலவாவது இங்கேதான்.

பிறகு மீட்டெடுத்தல். ஆறில் ஒன்றை மட்டும் செடி எடுத்துக்கொள்கிறது. மீதி ஐந்தும் (15 கார்பன்) மறுபடி 3 ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டாக (15 கார்பன்) மாற்றப்படுகின்றன. அதற்கு 3 ஏடிபி. ஆறில் ஐந்தைத் திருப்பிப் போட்டால்தான் சுழற்சி ஓடும்.

மொத்தம் 3 கார்பன் டை ஆக்சைடுக்கு 9 ஏடிபி, 6 என்ஏடிபிஎச். குளுக்கோஸ் அளவுக்குக் கணக்கிட்டால் 18 ஏடிபி, 12 என்ஏடிபிஎச்.

இந்தக் கட்டத்தை "இருள்வினை" என்று படித்திருப்பீர்கள். இரவில் நடப்பது என்று எண்ணிவிட வேண்டாம். இருட்டினால் ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் வருவது நின்றுவிடும். அதுமட்டுமல்ல, இந்தச் சுழற்சியின் முக்கிய நொதிகளில் பல, ஒளி அமைப்பு 1-இலிருந்து வரும் எலக்ட்ரான்களைத் தியோரெடாக்சின் என்னும் புரதத்தின் வழியே பெற்ற பிறகே இயங்கத் தொடங்கும். வெளிச்சம் போனால் சுழற்சியும் படுத்துவிடும்.

8. கணக்கில் விழும் ஓட்டை: ரூபிஸ்கோ

ரூபிஸ்கோவைப் பற்றி இரண்டு குறைகள். ஒன்று, வேகம் குறைவு: ஒரு வினையிடத்தில் விநாடிக்கு மூன்று அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுகள்தான். பல நொதிகள் விநாடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கும்போது இது ஆமை நடை. அதனால்தான் செடி இதை ஏராளமாகத் தயாரித்து வைத்திருக்கிறது. பல இலைகளில் கரையும் புரதத்தில் பாதி வரை இதுவே.

இரண்டாவது குறை பெரியது. கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனையும் இது பிடித்துவிடும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதத்தை ஒட்டியும் ஆக்சிஜன் 21 சதவீதமும் இருக்கும்போது, மிதமான வெப்பநிலையிலேயே ஏறக்குறைய நான்கில் ஒரு முறை தவறான வாயுவைப் பிடிக்கிறது. அப்போது உருவாகும் இரண்டு கார்பன் பொருளால் பயனில்லை. பசுங்கணிகம், பெராக்ஸிசோம், மைட்டோகாண்ட்ரியா என்று மூன்று இடங்களுக்கு அலைந்து அதைச் சரிசெய்ய வேண்டும். வழியில் நான்கு கார்பனுக்கு ஒரு கார்பன் மீண்டும் கார்பன் டை ஆக்சைடாகப் பறிபோகும். ஏடிபியும் செலவாகும். ஒளிச்சுவாசம் என்பது இது. வெப்பம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும்.

மக்காச்சோளம், கரும்பு, சோளம் போன்ற சி4 தாவரங்கள், ரூபிஸ்கோ இருக்கும் செல்களுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செறிவாகச் செலுத்தி இந்த ஓட்டையை அடைத்துக்கொள்கின்றன. கட்டணம், ஒரு கார்பன் டை ஆக்சைடுக்குக் கூடுதலாக 2 ஏடிபி. வெப்பமான இடத்தில் இது லாபம். குளிரான இடத்தில் நட்டம். அன்னாசி, கள்ளி வகைகள் இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேர்த்துக்கொண்டு பகலில் பயன்படுத்துகின்றன. முதல் வாசிப்பில் இவ்வளவு போதும்.

9. நேரப் பத்தி

இதைத் தனியாக எழுதிப் பாருங்கள். ஒளிச்சேர்க்கையின் சிக்கல் சட்டென்று விளங்கும். ஒளியை ஈர்ப்பது ஃபெம்டோவிநாடிகளில், அதாவது விநாடியின் ஆயிரம் இலட்சம் கோடியில் சில பங்கு. நிறமிகளுக்கிடையே ஆற்றல் நகர்வதும் மின்னூட்டம் பிரிவதும் பிகோவிநாடிகளில். பிளாஸ்டோகுவினோன் எலக்ட்ரானைச் சுமந்து சைட்டோகுரோமை எட்டி இறக்கிவைக்கச் சில மில்லிவிநாடிகள். கார்பன் சேர்வது விநாடிக் கணக்கில். நெடுநேரம் நிழலில் இருந்த இலை வெயிலுக்கு வந்தால் இலைத்துளை திறந்து ரூபிஸ்கோ முழு அளவில் முடுக்கப்படப் பல நிமிடங்கள் ஆகும்.

முன்பகுதி மின்னல் வேகம், பின்பகுதி நத்தை வேகம். நடுவில் நெரிசல் வரத்தான் செய்யும். அதனால்தான் நண்பகல் வெயிலில், சி4 போன்ற ஏற்பாடு இல்லாத சாதாரண சி3 இலைகளால் வருகிற ஒளி முழுவதையும் பயன்படுத்த முடிவதில்லை. மிகுதி ஆற்றலைச் சாந்தோஃபில் நிறமிகளின் துணையோடு வெப்பமாக வெளியேற்றுகின்றன. அப்படியும் ஒளி அமைப்பு 2-இன் டி1 புரதம் அடிக்கடி பழுதாகும்; செடி அதைக் கழற்றி எறிந்து புதிதாகப் பொருத்திக்கொண்டே இருக்கும்.

10. மொத்தக் கணக்கை நேர்செய்யுங்கள்

ஒரு மோல் குளுக்கோசுக்கு:

வரவு: 48 மோல் சிவப்பு ஃபோட்டான் × 176 = ஏறத்தாழ 8,450 கிலோஜூல்.

இடைக்கால இருப்பு: 12 என்ஏடிபிஎச் × 220 = 2,640. 18 ஏடிபி × 30.5 = 549. கூட்டினால் ஏறத்தாழ 3,190 கிலோஜூல். (நியம நிலை மதிப்புகள் இவை, செல்லுக்குள் ஏடிபியின் மதிப்பு இன்னும் அதிகம்.)

கடைசி இருப்பு: குளுக்கோசில் ஏறத்தாழ 2,870 கிலோஜூல்.

இதில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட வேண்டும். முதலாவது, சூரிய ஆற்றல் ஏடிபியில் சேமிக்கப்படுகிறது என்ற வழக்கமான வாக்கியம் பாதிகூட உண்மை இல்லை. ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு என்ஏடிபிஎச்சில்தான் இருக்கிறது. இரண்டாவது, கால்வின் சுழற்சி மிகச் சிக்கனமானது. பெரிய இழப்பு அதற்கு முன்பே, எலக்ட்ரான் பாதையில் நடந்துவிடுகிறது.

48-ஐ எட்டோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்: 6 ஆக்சிஜன் × 8 ஃபோட்டான். 2,870-ஐ 8,450-ஆல் வகுத்தால் 34 சதவீதம். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடாதீர்கள். இது சிவப்பு ஒளி மட்டும், குறைந்தபட்ச ஃபோட்டான் மட்டும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பயன்படாத அகச்சிவப்பு, இலை திருப்பியனுப்பும் ஒளி, நீல ஒளியின் வெப்ப இழப்பு, ஒளிச்சுவாசம், செடியின் சொந்தச் சுவாசம் எல்லாவற்றையும் கழித்தால் சூரிய ஆற்றலில் சி3 தாவரங்களுக்குக் கோட்பாட்டு உச்சம் 4.6 சதவீதம், சி4 தாவரங்களுக்கு 6 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. வயலில் ஒரு பருவம் முழுவதும் பார்த்தால் பெரும்பாலும் 1, 2 சதவீதத்துக்குள் முடிந்துவிடும்.

11. கண்ணால் பார்க்க ஒரு சோதனை

தாளில் எழுதியதை மிதக்கும் இலைவட்டச் சோதனையில் பார்த்துவிடலாம். செலவு சொற்பம், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தேவையானவை: மென்மையான, மயிரில்லாத இலைகள், காகிதத் துளைப்பான், ஊசியில்லாத 10 அல்லது 20 மில்லிலிட்டர் சிரிஞ்ச், சமையல் சோடா, திரவச் சோப்பு, இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஒரு எல்இடி விளக்கு, கடிகாரம்.

ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் சோடாவைக் கரைத்து ஒரு சொட்டுச் சோப்பு விடுங்கள். நுரை வரக் கூடாது. வந்தால் இன்னும் கொஞ்சம் சோடாக் கரைசலை ஊற்றுங்கள். நரம்பில்லாத இடமாகப் பார்த்து இருபது வட்டங்கள் வெட்டுங்கள். பத்து வட்டங்களைச் சிரிஞ்சில் போட்டுக் கரைசலை உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, நுனியை விரலால் அடைத்துப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துப் பத்து விநாடி பிடித்துவிட்டு விடுங்கள். இலைக்குள்ளிருந்த காற்று வெளியேறிக் கரைசல் உள்ளே புகும், வட்டங்கள் மூழ்கும். மூழ்காவிட்டால் மறுபடி இழுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் இழுத்தால் செல்கள் சிதைந்துவிடும்.

மற்ற பத்து வட்டங்களுக்கு இதையே சோடா இல்லாத சோப்பு நீரில் செய்யுங்கள். இது இல்லாவிட்டால் சோதனைக்கு மதிப்பே இல்லை; மிதந்ததற்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடா, வேறொன்றா என்று சொல்ல முடியாது.

இரண்டு குவளைகளையும் ஒரே தூரத்தில் விளக்கின் கீழ் வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை மிதப்பவற்றை எண்ணுங்கள். இலைக்குள் ஆக்சிஜன் சேரச் சேர வட்டங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். பாதி வட்டங்கள் மிதக்க எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வட்டத்தையோ கடைசி வட்டத்தையோ நம்ப வேண்டாம். பிறகு விளக்கின் தூரத்தை மாற்றிப் பாருங்கள். ஓரளவுக்கு மேல் நெருக்கினாலும் நேரம் குறையாத கட்டம் ஒன்று வரும். 9-ஆம் படியில் பார்த்த நெரிசல் அது.

சூடாகும் விளக்கைத் தவிருங்கள். நீர் சூடானால் அதில் கரைந்திருந்த வாயு குமிழாக வெளியேறி வட்டங்களைத் தூக்கிவிடும். அது ஒளிச்சேர்க்கை அல்ல. எல்லா வட்டங்களும் மிதந்த பிறகு குவளையைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு அவ்வப்போது பாருங்கள். சுவாசம் ஆக்சிஜனைச் செலவழிக்க, அவை மெல்ல மீண்டும் மூழ்கும். சுவாசம் பகலிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது; வெளிச்சத்தில் அதன் செலவை வரவு மறைத்துவிடுகிறது. விளக்கைப் போடும் முன்பே மிதந்துகொண்டிருக்கும் வட்டங்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். எடுத்தெறிந்துவிட்டுப் புதியவற்றை வெட்டிக்கொள்ளுங்கள்.